முதல் மூன்று விநாடி

(மிச்சிகனில், டெட்ராய்டை ஒட்டிய ஊர்களில் வாழும் தமிழர்களின் ஞாயிறு மாலைக் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செகண்ட் ஹேண்டில் டர்போ பிக்கப் வாங்கலாமா, கூடாதா? அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வாங்கலாம் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்வதற்கு ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்கிறீர்கள். முன்பக்கத்திலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல. இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு அடங்கிவிடுகிறது. ஒன்றுமே நடக்காததுபோல் என்ஜின் சீராக ஓடுகிறது. விற்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் டயரைப் பார்க்கிறீர்கள்.

இன்றைய பேச்சு முழுவதும் அந்த மூன்று விநாடியைப் பற்றித்தான்.

நான் தொழில் பழகியது ஈரோட்டில் ஒரு டூவீலர் பட்டறையில். அங்கே எங்களுக்கெல்லாம் மூத்தவராக ஒரு அண்ணன் இருந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த மாதிரிதான். கண்ணைத் திறந்தால் "டைமிங் செயின்டா" என்பார், இல்லையென்றால் "டேப்பெட்" என்பார். தப்பினதே இல்லை. அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "சத்தம் வந்தா சின்னச் செலவு. அந்தச் சத்தம் தானா நின்னா பெரிய செலவு." அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். கடல் தாண்டி வந்து, பைக்கைவிடப் பத்து மடங்கு பெரிய என்ஜின்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அது சிரிக்கிற பேச்சு இல்லை என்று தெரிந்தது.

டர்போ பிக்கப் என்றால் பல கம்பெனி, பல என்ஜின். எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டு எஃப்-150. அதில் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. ஈகோபூஸ்ட் என்று பெயர். 2011 மாடல் பிக்கப்பில் அது வந்தபோது இந்த ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். பிக்கப் என்றால் எட்டு சிலிண்டர், வி-8, அதுதான் இங்கே மரபு. ஆறு சிலிண்டரை வைத்துக்கொண்டு படகும் குதிரை ஏற்றிய டிரெய்லரும் இழுக்க முடியுமா என்று கேட்டார்கள். கணக்கில் அது 365 குதிரைத்திறன். முறுக்குவிசை 420 பவுண்டு-அடி, அதுவும் 2,500 சுற்றிலேயே. 11,300 பவுண்டு வரை, அதாவது ஐந்து டன்னுக்கு மேல், பின்னால் கட்டி இழுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சந்தேகத்தைப் போக்க ஃபோர்டு ஒரு வேலை செய்தது. உற்பத்தி வரிசையிலிருந்து ஒரு என்ஜினை எடுத்தார்கள். முதலில் அதைச் சோதனை மேடையில் பூட்டி, பத்து வருடம், 1,50,000 மைல் கடும் உழைப்புக்குச் சமமாக ஓட்டினார்கள். பிறகு அதே என்ஜினை ஒரு பிக்கப்பில் ஏற்றி, ஓரிகன் காட்டில் மரம் இழுக்க விட்டார்கள். ஃபுளோரிடாவில் ஒரு பந்தயத் தடத்தில் முழுப் பாரத்தைக் கட்டி 24 மணி நேரம் சுற்ற வைத்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணை மேட்டில் பாரத்தோடு ஏற்றினார்கள். அதன்பின் மெக்சிகோவில் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். எல்லாம் முடிந்து 2011 ஜனவரியில், இதோ இங்கிருந்து அரைமணி தூரத்தில், டெட்ராய்ட் கார் கண்காட்சியில் சனங்கள் பார்த்துக்கொண்டிருக்க மேடையில் வைத்து ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் காட்டினார்கள். என்ஜின் நன்றாகவே இருந்தது.

விளம்பரம்தான். ஆனால் பொய் விளம்பரம் இல்லை. இங்கேதான் எனக்கு முதல் கேள்வி எழுந்தது. இவ்வளவு அடியைத் தாங்கிய என்ஜின், கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டியில் இருக்கும்போது ஏன் செயின் சத்தம் போடுகிறது? அந்த மாடல் வந்த சில வருடங்களிலேயே, குளிரில் ஸ்டார்ட் செய்தால் கரகரப்பு வருகிறது என்று உரிமையாளர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். கம்பெனி தன் டீலர்களுக்குப் பழுது பார்க்கும் வழிமுறைகளை அனுப்பவேண்டி வந்தது. மரம் இழுத்தது தாங்கியது. மளிகை வாங்கப் போனது தாங்கவில்லை. இந்த விடுகதையை அவிழ்த்துவிட்டால் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும் வித்தை பாதி கைவந்துவிடும்.

முதலில் டைமிங் செயின் செய்யும் வேலை என்ன? என்ஜினின் அடிப்பகுதியில் கிராங்க் சுற்றுகிறது, அது பிஸ்டனை ஏற்றி இறக்குகிறது. மேலே கேம் சுற்றுகிறது, அது வால்வைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த இரண்டுக்கும் இடையே தாளம் தப்பாமல் பிடித்து வைப்பதுதான் செயின். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாசிப்பார்களே, அந்தப் பார்வைதான் செயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை விலகினால் கச்சேரியில் ஒரு அட்சரம்தான் பிசகும். என்ஜினில் நிறையப் பிசகினால் திறந்து நிற்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து முட்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும் ரகத்தில் இடிக்காமல் தப்பிக்க இடம் கிடையாது. இடித்தால் வால்வு வளையும், பிஸ்டன் குழிவிழும். அண்ணன் சொன்ன அந்தப் பெரிய செலவு இதுதான்.

இந்த 3.5 லிட்டர் என்ஜினின் முதல் தலைமுறையில், கிராங்கிலிருந்து கிளம்பும் ஒரு நீளமான செயின் இரண்டு பக்கத்து சிலிண்டர் வரிசைகளுக்கும் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கேமை இணைக்கத் தனியாக ஒரு குட்டிச் செயினும் உண்டு. நீளம் கூடக் கூடத் தேய்வதற்கு இடமும் கூடும்.

"செயின் இழுபட்டு நீண்டுவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அன்று முதல் இன்றுவரை செயினின் அமைப்பு ஒன்றுதான்: ஒரு கண்ணி, ஒரு பின், அடுத்த கண்ணி. கண்ணி மடங்கும் ஒவ்வொரு முறையும் பின் அதன் துளைக்குள் உராய்கிறது. அந்த உராய்வில் பின்னும் துளையும் மிகச் சன்னமாகத் தேய்கின்றன. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு செயினில் 160 மூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்கு 0.01 மில்லிமீட்டர் தேய்கிறது. தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் 160 மூட்டிலும் சேர்த்தால் 1.6 மில்லிமீட்டர். சின்ன வயதில் சைக்கிள் செயின் தொங்கிப்போய் ஒரு கண்ணியை வெட்டி எடுத்த அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். அதே சங்கதிதான். ஒரே வித்தியாசம், என்ஜினுக்குள் கண்ணி வெட்ட முடியாது.

நீண்டால் என்ன ஆகும்? கேமை இழுக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே, கேம் சக்கரத்தின் ஆரம் 50 மில்லிமீட்டர் என்று கொண்டால், கேம் ஒரு பாகைக்குச் சற்று மேல் பின்தங்கும். கிராங்க் கணக்கில் அது இரண்டு பாகைக்கு மேல். வால்வு திறக்க வேண்டிய நேரம் தள்ளிப்போகிறது. கம்ப்யூட்டர் கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் மஞ்சள் விளக்கைப் போட்டு, பி0016, பி0018 என்று குறியீட்டை எழுதி வைக்கும். ஆனால் விளக்கு எரிவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு நாள் முன்பே சத்தம் வந்திருக்கும்.

செயின் தொய்யாமல் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று இருக்கிறது. அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. வண்டி ராத்திரி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்பு ஆயிலை மேலே ஏற்றச் சிறிது நேரம் பிடிக்கும். செயின் புதிதாக இருந்தால் அந்தச் சிறிது நேரம் ஒரு பொருட்டே இல்லை. தேய்ந்து நீண்ட செயின் அந்த இடைவெளியில் தடதடவென்று தன் வழிகாட்டிப் பட்டையில் அடிக்கும். ஆயில் வந்ததும் அடங்கும். நாம் பேசிய மூன்று விநாடியின் ஒரு காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. கேம் முனையில் ஃபேஸர் என்று ஒரு பாகம். வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்றபடி கேமைக் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் திருப்பிக் கொடுக்கும். இந்த என்ஜினில் கேமுக்கு ஒன்றாக நான்கு ஃபேஸர். அதையும் ஆயில்தான் இயக்குகிறது. வண்டி நிற்கும்போது உள்ளே ஒரு சின்னப் பூட்டு விழுந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூட்டு சரியாக விழாவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே இருக்கும் தகடுகள் சுவரில் முட்டி முட்டி ஒலிக்கும். 2017இல் இந்த என்ஜினை நிறைய மாற்றி இரண்டாம் தலைமுறையாகக் கொண்டுவந்தார்கள். செயின் பற்றிய பேச்சு குறைந்தது. ஃபேஸர் பேச்சு வந்து சேர்ந்தது. 2017 முதல் 2020 வரையிலான எஃப்-150களுக்கு கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றித் தருவது, அதற்கும் அடங்காவிட்டால் ஃபேஸரை மாற்றித் தருவது என்று கம்பெனி தானே திட்டம் அறிவித்தது. எனவே அந்த வருடத்து வண்டியைப் பார்க்கப் போனால், "ஃபேஸர் மாற்றியாயிற்றா? ரசீது இருக்கிறதா?" என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றியிருந்தால் அந்த வண்டிக்கு அது குறை இல்லை, கூடுதல் மதிப்பு.

ஆக, செயின், டென்ஷனர், ஃபேஸர், மூன்றும் ஆயிலை நம்பிப் பிழைக்கின்றன. விடுகதையின் விடை அந்த ஆயிலுக்குள்தான் இருக்கிறது.

இந்த என்ஜினில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. சக்தி கிடைக்கிறது, எரிபொருளும் மிச்சம். ஆனால் இதற்கு இரண்டு விலை. பீய்ச்சிய பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பட்டு, எரியாமல் வழிந்து, கீழே ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். இரண்டாவது, முழுதாக எரியாத பெட்ரோல் கரித்தூளாகும். அந்தத் தூள் மிகப் பொடி. ஆனால் பின்னுக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலமும் அதே அளவுக்குச் சன்னம். படலத்துக்குள் தூள் புகுந்துவிட்டால் பின்னும் துளையும் அம்மியும் குழவியும் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அரைப்பு.

இது என் ஊகம் இல்லை, ஆயில் தொழில் ஒப்புக்கொண்ட விஷயம். 2020 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. என்ற தரத்து ஆயிலுக்குப் புதிதாக ஒரு சோதனை வைத்தார்கள். ஃபோர்டின் 2 லிட்டர் டர்போ என்ஜினில் அந்த ஆயிலை ஊற்றி ஓட்டி, டைமிங் செயின் எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார்கள். ஜி.எஃப்-6 என்ற கூட்டுத் தரத்தில் அதற்கு வரம்பு 0.085 சதவீதம். ஒரு மீட்டர் செயினுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதற்கு முன்பிருந்த தரங்களில் இப்படி ஒரு சோதனை இல்லை. செயினைக் காப்பாற்றும் பொறுப்பில் பாதியை ஆயில் டப்பாவின் தலையில் ஏற்றி வைத்தார்கள்.

இப்போது மளிகை வண்டியை யோசியுங்கள். ஜனவரி மாதம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. வீட்டுக்குள்ளிருந்தே ரிமோட்டை அழுத்தி என்ஜினைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கிறோம். பதினைந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடுகிறது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் போகும், சுவரில் படுவதும் அதிகம். பிறகு இரண்டு மைல் ஓட்டிக் கடைக்குப் போகிறோம். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகும். அதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டோம். நாளைக்கும் இதே. பாரம் கட்டி நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும் வண்டியில் ஆயில் சூடாகித் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்கிறது. சோதனை மேடையில் அடிவாங்கிய என்ஜினுக்கு நல்ல ஆயில் நேரத்துக்குக் கிடைத்தது, சூடும் கிடைத்தது. மளிகை என்ஜினுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

இதைக் கண்ணால் பார்த்த கதை ஒன்று சொல்கிறேன். வண்டியின் பெயரும் விற்ற இடத்தின் பெயரும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இரண்டு டர்போ பிக்கப்பைப் பார்த்து வைத்திருந்தான். ஒரே வருடம், ஒரே என்ஜின். ஒன்று 48,000 மைல். பளபளப்பு. வயதான தம்பதி வைத்திருந்தது, சீட்டில் ஒரு கறை இல்லை. இன்னொன்று 1,31,000 மைல். தச்சு வேலைக்காரர் ஒருவரின் வண்டி. பின்தொட்டி முழுக்கக் கீறல், கொக்கியில் துரு. தம்பி எதை வாங்கியிருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை. வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே கரகரப்பு. என்னிடம் கொண்டு வந்தான். "அண்ணே, ரெண்டு செகண்டுதான் சத்தம் வருது. ஆயில் திக்கா ஊத்துனா சரியாயிடுமா?" என்று கேட்டான்.

நான் மீட்டரில் என்ஜின் ஓடிய மணிநேரத்தைப் பார்த்தேன். 2,900. தச்சுக்காரர் வண்டி இன்னும் விற்பனைக்கு நின்றது, அதையும் போய்ப் பார்த்தோம். 3,300. நன்றாகக் கவனியுங்கள். மைலில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். மணிநேரத்தில் ஏறக்குறைய சமம். 48,000ஐ 2,900ஆல் வகுத்தால் சராசரி மணிக்கு 17 மைல்கூட வராது. அந்த வண்டி பாதி ஆயுளை வீட்டு வாசலிலேயே ஓடித் தீர்த்திருக்கிறது. ஆயில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். மைல் கணக்கில் பார்த்தால் தப்பே இல்லை. மணிநேரக் கணக்கில் பார்த்தால் கரித்தூள் கலந்த ஆயிலில் செயின் நூற்றுக்கணக்கான மணிநேரம் அரைபட்டிருக்கிறது. தச்சுக்காரர் 5,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, ரசீதையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அந்த வண்டியை விடிகாலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தோம். சத்தமே இல்லை.

தம்பியின் வண்டிக்கு செயின், வழிகாட்டிப் பட்டைகள், டென்ஷனர், ஃபேஸர் எல்லாம் மாற்றினோம். பல ஆயிரம் டாலர். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம், ஏனென்றால் அங்கே போய்ச் சேரவே முன்பக்கத்தைப் பாதி கழற்ற வேண்டும்.

ஃபோர்டு தன் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு கணக்குச் சொல்வதுண்டு: நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 33 மைல் ஓடியதற்குச் சமம். போலீஸ் வண்டிக்குச் சொன்னது வாசலில் சூடேற்றும் நம் வண்டிக்கும் பொருந்தும்.

சரி, டர்போதான் வில்லனா? "பழைய வி-8 மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுபவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவர்களுக்குச் சில நினைவூட்டல்கள். ஈகோபூஸ்டுக்கு முன்பு, 2004 முதல் 2010 வரை எஃப்-150இல் வந்த 5.4 லிட்டர் வி-8, அதுவும் டர்போ இல்லாதது, ஃபேஸர் சத்தத்துக்கும் செயின் டென்ஷனர் கோளாறுக்கும் பேர்போனது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி-8 என்ஜினுக்காக அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதிலும் டர்போ கிடையாது. மறுபக்கம், நம்பகத்துக்கே மறுபெயர் என்று நாம் நினைக்கும் டொயோட்டா 2024இல் தன் இரட்டை டர்போ டண்ட்ரா, லெக்சஸ் வண்டிகளில் சுமார் 1 லட்சத்தை அழைத்தது. என்ஜினைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துணுக்குகள் உள்ளேயே தங்கிவிட்டன என்பது காரணம். பெயரைப் பார்த்து வாங்கினாலும் சிலிண்டரை எண்ணி வாங்கினாலும் காப்பு இல்லை. டர்போ செய்வது ஒன்றே ஒன்று: ஆயிலில் நாம் காட்டும் அலட்சியத்தை அது மன்னிப்பதில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஒரு தண்டு, ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் காற்றுமாக, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அதே ஆயில்தான் இறங்கி வந்து செயினையும் நனைக்கிறது.  டர்போ என்ஜினில் ஆயிலுக்கு நான்கு வேலை: டர்போ, செயின், டென்ஷனர், ஃபேஸர்.

இனி, வண்டி பார்க்கப் போகும் நாள். இதைக் குறித்துக்கொள்ளலாம்.

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று. போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்ல வார்த்தை சொல்லி இன்னொரு நாள் வருவதாகக் கிளம்புங்கள். சூடான என்ஜின் எந்த ரகசியத்தையும் சொல்லாது. குளிர்ந்திருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவையும் ஃபேனையும் அணைத்து, நீங்கள் முன்பக்கம் நின்றுகொண்டு அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

என்ன கேட்க வேண்டும்? இரண்டு மூன்று விநாடி கனமாகக் கரகரத்து நின்றால் ஃபேஸரோ செயினோ என்று சந்தேகப்படுங்கள். 'டிக் டிக் டிக்' என்று சீராக வந்து, என்ஜின் சூடேறச் சூடேறக் குறைந்தால் அது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. போல்ட் உடைந்து புகை கசியும் சத்தம். அதற்கும் செலவு உண்டு, ஆனால் செயின் செலவு இல்லை. சூடான பிறகும் கரகரப்பு நீடித்தால் பேரம் பேச வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து டிப்ஸ்டிக். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்த ரக என்ஜினில் ஆயில் சீக்கிரம் கறுப்பதுதான் இயல்பு. மூக்கருகே கொண்டு போங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா? அளவு மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறதா? ஆயில் தானாகக் கூடாது. கூடியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது.

மூன்றாவது, மீட்டரில் என்ஜின் மணிநேரம். மைலை அந்த மணிநேரத்தால் வகுங்கள். சராசரி 35, 40 வந்தால் நெடுஞ்சாலை வண்டி. 20க்குக் கீழே வந்தால் வாசல் வண்டி. வாசல் வண்டி கெட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் ஆயில் ரசீதுகளைக் கேளுங்கள். உரிமையாளர் கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு அதிகபட்சம் 10,000 மைல் அல்லது ஒரு வருடம் என்றுதான் இருக்கும். ஆனால் அதே கையேட்டில் பாரம் இழுப்பது, நின்ற இடத்தில் ஓடுவது போன்றவற்றுக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லும் பக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

நான்காவது, ஸ்கேனர். இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் கருவியே போதும். பிழைக் குறியீடு இல்லையே என்று சந்தோஷப்படுவதற்கு முன், வண்டியின் சுய பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பலவும் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கூட்டிப் பெருக்கிய வீடு சந்தேகம் தராது. விருந்தாளி வருவதற்கு ஐந்து நிமிடம் முன் பெருக்கிய வீடு தரும்.

ஐந்தாவது, வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டால், நிலுவையில் உள்ள திரும்ப அழைப்புகள் தெரியும். காசு கிடையாது, ஒரு நிமிட வேலை.

இன்னொரு எச்சரிக்கை. இதே என்ஜின் குடும்பம் கார்களில் குறுக்காகப் பொருத்தப்படும்போது தண்ணீர்ப் பம்பு உள்ளே டைமிங் செயினோடு சேர்ந்து சுற்றும். அது கசிந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். எஃப்-150இல் பம்பு வெளியே இருக்கிறது, அந்த ஆபத்து இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் காரின் நோயைப் பிக்கப்புக்கும் பிக்கப்பின் நோயைக் காருக்கும் ஏற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. கேட்டுக் குழம்ப வேண்டாம்.

வாங்கியாயிற்று. பிறகு? வாங்கிய அன்றே ஆயிலை மாற்றுங்கள். பழைய உரிமையாளர் போன வாரம்தான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் மாற்றுங்கள். கையேடு சொல்லும் தரம், எஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தையது. அதன்பின் 5,000 மைலுக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதம். 3.5 லிட்டர் என்ஜினுக்கு ஆறு குவார்ட் ஆயில் பிடிக்கும். விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். வாசலில் சூடேற்றுவதைக் குறைத்து, கிளம்பி முதல் சில மைல் மெதுவாக ஓட்டுங்கள். என்ஜின் ஓட்டத்தில்தான் சீக்கிரம் சூடேறும்.

ஆயில் திக்காக ஊற்றினால் சரியாகுமா என்று தம்பி கேட்டானே, அதற்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் குறையலாம். தேய்மானம் குறையாது. கெட்டியான ஆயிலைக் குளிரில் பம்பு மெதுவாகத்தான் மேலே ஏற்றும், அந்த மூன்று விநாடி நான்காகும். சத்தத்தை அடக்குவதும் சத்தத்தின் காரணத்தைத் தீர்ப்பதும் வேறு வேறு வேலை. விற்கப் போகிறவர்கள் முதல் வேலையைச் செய்வார்கள். வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இரண்டாவதைச் செய்ய வேண்டும்.

1,00,000 மைல் ஓடிய வண்டியில் செயினை இழுக்கும் கிராங்க் எத்தனை முறை சுற்றியிருக்கும்? மணிக்குச் சராசரி 35 மைல், நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று வைத்தால் 30 கோடி முறைக்கு மேல். அத்தனை சுற்றிலும் செயினைக் காப்பாற்றியது ஆறு குவார்ட் ஆயில். நமக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் ஆயிலை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது மைல் மீட்டரில் தெரியாது, சீட்டின் பளபளப்பில் தெரியாது. அவர் கட்டி வைத்த ரசீதில் தெரியும். ரசீது இல்லாவிட்டால், குளிர்ந்த காலையில் அந்த மூன்று விநாடியில் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகிறவர்கள் சொல்லுங்கள், நானும் வருகிறேன். காலை ஏழு மணிக்கு. ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.